ஜனவரி மீனுக்கு அரைப் பசி

இங்கிலாந்துக் கால்வாய்களில் தூண்டில் போடும் வாசகர்களின் கேள்விகள், இந்த மாதம் குளிர்காலத்தைப் பற்றி மட்டும்.

கே: கோடையில் போட்டி போட்டுக்கொண்டு கடித்த ரோச் மீன்கள் ஜனவரியில் எங்கே போய்விட்டன? (ஆல்பர்ட்டன் வாசகர்)

ப: மீன் போகவில்லை, பசிதான் போய்விட்டது. மீனின் உடம்புச் சூடு என்பது தண்ணீரின் சூடுதான். கிராண்ட் யூனியன் மாதிரியான கால்வாயில் நடுப்பள்ளத்திலேயே ஒன்றரை மீட்டர் ஆழம் இருந்தால் அதிகம். இரண்டு இரவு உறைபனி விழுந்தால் போதும், முழுக் கால்வாயும் சில்லிட்டுவிடும். அப்போது செரிமானம் மந்தமாகிறது. அதிலும் ரோச்சுக்கு இரைப்பையே கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகும். சேர்த்து வைக்க இடமில்லை. கோடையில் நாள் முழுக்க மேய்ந்த அதே மீன், குளிரில் நாலு வாய் தின்றுவிட்டு அது செரிக்கும்வரை சும்மா கிடக்கும்.

இடமும் மாறும். கால்வாய் நெடுகச் சிதறியிருந்த கூட்டம் கட்டிவைத்த படகுகளுக்கு அடியிலும், பாலத்தின் கீழும், படகுத்துறைகளுக்குள்ளும் ஒண்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் உள்நாட்டுக்கு வந்து சேரும் நீர்க்காகங்களுக்குப் பயந்தும் மீன்கள் இப்படி ஒளியும். ஆகையால் முந்நூறு மீட்டருக்கு ஒரு மீனும் இல்லாமல், அடுத்த முப்பது மீட்டரில் நெரிசலாக இருக்கலாம். முதலில் மீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கே: அப்புறம் வந்துவிட்டது. இரையை நிறையப் போட்டால் மீன் நிறையக் கூடும்தானே? (ஹேய்ஸ் வாசகர்)

ப: ஜூலையில் கூடும். ஜனவரியில் நீங்களே உங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொள்கிறீர்கள். குளிர்காலக் கால்வாயில் வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு காரணத்தால்தான் திரும்புகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்களுக்கு முன்னால் இருபது ரோச் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கு வேண்டியது சில ஈப்புழுக்கள், இல்லையென்றால் ரொட்டித் தூள் கொஞ்சம். நீங்கள் ஆரஞ்சுப் பழ அளவில் இரண்டு உருண்டை பிடித்துப் போடுகிறீர்கள். மீன் அதைத் தின்று நிறைந்துவிடுகிறது. உங்கள் முள்ளில் இருக்கும் புழுவுக்கு இடமில்லை. பந்தியில் சாப்பிட்டு இலையை மூடிவிட்டவரிடம் பாயசத்தை நீட்டுகிற கதைதான். இதில் கொடுமை என்னவென்றால், போட்ட இரையைத் திரும்ப எடுக்க முடியாது. கோடையில் மிச்சத்தைத் தின்ன ஆயிரம் வாய் உண்டு. குளிரில் அது அடியில் கிடந்து ஊறி, நாளைக்கு வருகிறவரின் மீன்பிடிப்பையும் கெடுக்கும்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். தொடங்கும்போது தூளாக்கிய வெள்ளை ரொட்டியில் கட்டைவிரல் நகத்தளவு பிடித்து, 'போல்' எனப்படும் நீளத் தூண்டில் கம்பின் நுனியில் மாட்டும் சின்னக் கிண்ணத்தில் வைத்துச் சரியாக ஒரே இடத்தில் கவிழுங்கள். கையால் எறிந்தால் சிதறும், சிதறினால் மீனும் சிதறும். பிறகு தக்கையைப் பாருங்கள். கடி வரும்வரை, வந்து குறையும்வரை, அடுத்த சிட்டிகை வேண்டாம். பத்து மீட்டர் தள்ளி இரண்டாவது இடம் ஒன்றையும் இதே போலத் தயார் செய்து, அதைத் தொடாமல் விட்டுவையுங்கள். முதல் இடம் ஓயும்போது அங்கே மாறுங்கள். முதல் இடம் இளைப்பாறட்டும். இரை போடுவதைவிட, போடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

கே: பிடித்த ரோச்சைக் குழம்பு வைக்கலாமா? (சவுத்தால் வாசகி)

ப: கூடாதம்மா. இங்கிலாந்தில் கால்வாய் மீனை உரிமையாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் எடுத்துப் போவது சட்டப்படி குற்றம். தூண்டில் போடவே உரிமம் வேண்டும். குழம்புக்குக் கடைமீன் இருக்கிறது. பிடித்ததை ஈரக் கையால் எடுத்து, உறைந்த தரையில் வைக்காமல், உடனே தண்ணீரில் விடுங்கள்.

கே: எல்லா மீனையும் திரும்ப விட்டால், ஒரு தடவை முள் குத்திய மீன் மறுபடி ஏமாறுமா? (லெஸ்டர் வாசகர்)

ப: அருமையான கேள்வி. நெதர்லாந்து ஆய்வாளர் பியூகேமா 1970-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பளபளக்கும் சுழல் தகட்டில் ஒரு முறை மாட்டிய பைக் மீன்கள் அதன்பின் தகட்டை ஒதுக்கின. உயிர் இரையை மட்டும் பழையபடி பிடித்தன. கெண்டை இனத்துக் கார்ப் மீனுக்கு ஒரே குத்து போதுமாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகும் அதைப் பிடிப்பது கடினமாகிவிட்டது. மீனுக்கு நினைவு ஒரு நொடிதான் என்பவர்கள் கார்ப்பிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

கால்வாயில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், பாலத்தை ஒட்டி, எல்லோரும் உட்காருகிற அதே நாலு இடம். அங்கே இரை தினமும் விழுவதால் மீன் போகாது. ஆனால் சும்மா விழும் புழுவைத் தின்னும், முள்ளோடு விழும் புழுவை விட்டுவிடும். முள்ளின் கனத்தால் புழு வேறு விதமாக இறங்குவது அதற்குத் தெரிகிறது என்றுதான் நினைக்கிறேன். கோடையில் பசியும் போட்டியும் அந்தச் சந்தேகத்தை அமுக்கிவிடும். குளிரில் அமுக்கப் பசி இல்லை. எனவே 0.08 மில்லிமீட்டர் தங்கூசி, 22-ஆம் எண் முள். அதைவிட நல்ல வழி, பையைத் தூக்கிக்கொண்டு கால் மைல் கூடுதலாக நடந்து, யாரும் உட்காராத படகு வரிசை ஒன்றைத் தேடுவது.

கே: ரொட்டியா, இரத்தப்புழுவா? (வெம்பிளி வாசகர்)

ப: முதலில் ரொட்டி. தெளிந்த தண்ணீரில் வெள்ளை பளிச்சென்று தெரியும், வயிற்றையும் அடைக்காது. ஒரு மணி நேரத்தில் ஓய்ந்தால் இரத்தப்புழு. அது கால்வாய்ச் சேற்றிலேயே பிறக்கும் கொசு போன்ற பூச்சியின் புழு, மீனின் சொந்தச் சாப்பாடு. விலை அதிகம், சில சங்கங்கள் தடையும் செய்திருக்கின்றன, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கே: ஊரிலிருந்து கொண்டுவந்த ஈயக் குண்டுகள் இருக்கின்றன. (ஹாரோ வாசகர்)

ப: இருக்கட்டும், தண்ணீரில் மட்டும் வேண்டாம். அன்னங்கள் விழுங்கிச் சாகின்றன என்று, மிக நுண்ணிய குண்டுகளைத் தவிர 28 கிராம்வரை 1987-லேயே இங்கே தடை.

கே: படகு ஒன்று வந்து எல்லாவற்றையும் கலக்கிவிட்டது! (கிரீன்ஃபோர்டு வாசகர்)

ப: படகுக்காரருக்குக் கையசையுங்கள். குளிர்காலத்தில் படகு ஓட்டம் குறைந்து தண்ணீர் கண்ணாடியாகிவிடும். மீன் உங்களைப் பார்க்கும், தங்கூசியையும் பார்க்கும். படகு கிளப்பிய சேறு அரைமணி நேரத்துக்குத் திரை போடும். அடியில் புதைந்த புழுவும் மேலே வரும். அன்றைய நல்ல கடி அப்போது வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கே: அரை நாள்தான் நேரம் கிடைக்கும். காலையா, மாலையா? (ஈலிங் வாசகர்)

ப: மாலை. தெளிந்த தண்ணீரில் ரோச் வெளிச்சம் மங்கும் நேரத்துக்குத்தான் காத்திருக்கும். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மதியச் சாப்பாட்டை வீட்டில் முடித்துக்கொண்டு ஒன்றரைக்குள் கரையில் இருங்கள். மூன்று மணிக்குப் பிறகு புது இரை எதுவும் போடாதீர்கள்.