தற்காலிகானந்தர்

வைகாசி கழிந்து ஆனி பிறக்கிற சமயத்தில், பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவுகள் வெளியாகிச் சில தினங்கள் சென்ற பின்னர், மதுரை மாநகரின் மாசி வீதிகளிலும் டவுன்ஹால் ரோட்டிலும், கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை இடுக்கிக்கொண்டு, கடைகளின் பெயர்ப்பலகைகளை ஏறிட்டும் பாராமல், கண்ணாடிக் கதவுகளில் ஒட்டியிருக்கும் 'ஆட்கள் தேவை' என்ற காகிதங்களை மாத்திரம் சிரத்தையோடு வாசித்தவண்ணம் நடந்து செல்லும் ஒரு வாலிபரை நீங்கள் அவசியம் பார்த்திருப்பீர்கள். பெற்றோர் அவருக்கு இட்ட நாமதேயம் எதுவாயினும் ஆகுக. மனத்துக்குள் நான் அவரைத் தற்காலிகானந்தர் என்றே அழைத்து வருகிறேன். ஃபைலுக்குள் இருப்பவை அவருடைய ஆஸ்திகள்: மதிப்பெண் பட்டியல்கள், பட்டமளிப்பு விழா நடக்கும் வரையில் பட்டத்துக்குப் பதிலாக ஆட்சி செலுத்தும் புரொவிஷனல் சான்றிதழ், இவை ஒவ்வொன்றுக்கும் அரை டஜன் ஜெராக்ஸ் பிரதிகள்.

நிரந்தர உத்தியோகத்தைப் பற்றி இவருக்குக் கிஞ்சித்தும் கவலை இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது சர்க்கார் தேர்வு எழுதி என்றைக்காவது ஒரு நாள் வந்தே தீரும் என்பது அவருடைய சித்தாந்தம். 2022-ஆம் ஆண்டின் குரூப் நான்கு தேர்வில், முதலில் அறிவிக்கப்பட்ட 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்களே என்று எடுத்துச் சொன்னால், "அதுல பாதிப் பேரு புஸ்தகத்தைத் தொடாமலே வர்றவங்க சார்" என்று ஒரே வாக்கியத்தில் அந்த மகா சமுத்திரத்தைப் பாதியாக வற்றச் செய்துவிடுவார். மிச்சப் பாதியைக் கடப்பது எப்படி என்று, நாகரிகம் கருதி, நான் கேட்டதில்லை. அவருடைய வியாகூலமெல்லாம் இடைப்பட்ட காலத்தைப் பற்றியது. தேர்வு எழுதி, முடிவு வந்து, கலந்தாய்வுக்கு அழைப்பு வருகிற வரையில், தந்தையாரிடம் கை நீட்டாமல் பஸ் சார்ஜுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் போதுமானபடி, நாலைந்து மாதங்களுக்கு ஏதாவது ஒரு சிறிய வேலை வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அற்ப ஆசையுடன் அவர் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றில் பிரவேசித்தபோது நிகழ்ந்த சம்பாஷணையை அவர் வாய்மொழியாகவே கேட்டிருக்கிறேன்.

"என்னப்பா படிச்சிருக்க?"

"எம்.எஸ்ஸி. கணிதம், அண்ணாச்சி."

"அம்புட்டுப் படிச்சிட்டு இங்க எதுக்கு வந்த? நாளைக்கே ஓடிப் போயிர மாட்டியே?"

"இல்ல அண்ணாச்சி. வந்தா வந்ததுதான். நிரந்தரமா நிப்பேன்."

"நிரந்தரமா எதுக்குப்பா ஆளு? எனக்குத் தீபாவளி முடியிற வரைக்கும்தான் வேணும்."

இந்தப் பாடத்தை நெஞ்சில் எழுதிக்கொண்டு, அடுத்த தெருவில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரிடம் சென்று, தீபாவளி வரைக்கும் கொடுத்தால் போதும் என்று தாமாகவே முந்திக்கொண்டு விண்ணப்பித்தார். வியாபாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மருந்துப் பேரைப் படிச்சுப் பழகவே மூணு மாசம் ஆகும் தம்பி. நான் கத்துக் குடுத்து முடிக்கிற அன்னைக்கு நீங்க டாட்டா காட்டிட்டுப் போவீங்க. எனக்கு நிலைச்சு நிக்கிற ஆளுதான் வேணும்" என்று அனுப்பிவிட்டார். இருவர் பேரிலும் நான் குற்றம் காண மாட்டேன். அவரவர் வியாபார தர்மத்தின்படி இருவரும் நியாயஸ்தர்களே. ஆனால் எந்தக் கடையில் எந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும் என்பதை வாசற்படியில் நின்றபடியே ஊகித்து அறியும் சாமர்த்தியம் இந்த உலகத்தில் ஜீவிப்பதற்கு இன்றியமையாததாக இருக்க, இரண்டு வருஷ எம்.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் அதற்கென்று ஒரு தாள்கூட இல்லாமற் போனது பெருங்குறைதான்.

பின்னர் அவர் பட்டத்தையே மறைக்கத் துணிந்தார். மேலமாசி வீதியில் ஒரு பாத்திரக்கடையில், பிளஸ் டூ என்று மாத்திரம் சொல்லிச் சேர்ந்து, எவர்சில்வர் குடங்களை அடுக்குவதும் இறக்குவதுமாக நாலு நாள் க்ஷேமமாகக் கழிந்தது. ஐந்தாம் நாள், சீர்வரிசைக்குச் சாமான் வாங்க வந்த அவருடைய தகப்பனாரின் சிநேகிதர், கல்லாவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, "அடேடே! எம்.எஸ்ஸி.யில ஃபர்ஸ்ட் கிளாஸாமே! அப்பா சொன்னாரு. சந்தோஷம்ப்பா!" என்று கடை முழுவதும் எதிரொலிக்க வாழ்த்தினார். முதலாளி ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை நாலு நாள் கூலியை எண்ணிக் கொடுத்து, மறைத்துப் பேசுகிறவனிடம் வெள்ளிச் சாமானை நம்பி விட முடியாது என்று மாத்திரம் தெரிவித்தார். முதல் வகுப்பில் தேறிய குற்றத்துக்காக வேலை பறிபோன இப்படியொரு விநோதம் சரித்திரத்தில் அபூர்வமாகத்தான் இருக்க வேண்டும்.

முன் அனுபவம் என்ற விவகாரத்தைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல வேண்டுவதில்லை. வேலை செய்தாலன்றி அனுபவம் வராது, அனுபவம் இருந்தாலன்றி வேலை தரமாட்டார்கள் என்பது எல்லாரும் அறிந்த சங்கதி. வீட்டிலிருந்தபடியே டேட்டா என்ட்ரி செய்யலாம், அனுபவம் வேண்டாம், முன்பணம் மாத்திரம் கட்டினால் போதும் என்று பஸ் நிலையச் சுவர்களிலும் கைப்பேசியிலும் அழைப்பு விடுக்கும் பரோபகாரிகளைப் பற்றியும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். சம்பளம் வாங்கும் இடத்தில் சம்பளம் கொடுக்க நேர்ந்த சோகத்தைத் தற்காலிகானந்தர் இன்னும் தம் தாயாருக்குக்கூடச் சொல்லவில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தை விட்டுவிட முடியாது. இரண்டாவது உலக யுத்தம் ஓய்ந்த 1945-ஆம் ஆண்டில், படைகளிலிருந்து விடுவிக்கப்பட்ட சிப்பாய்களை ஏதாவதொரு ஜீவனோபாயத்தில் அமர்த்தும் பொருட்டு ஏற்படுத்தப்பட்டு, 1948-இல் பொதுமக்கள் யாவருக்கும் திறந்துவிடப்பட்டவை இந்த அலுவலகங்கள். யுத்தகளத்திலிருந்து பிழைத்து வந்தவர்கள் நின்ற வரிசையில், பல்கலைக்கழகத்திலிருந்து பிழைத்து வந்தவர்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். இப்போது பதிவு இணையத்திலேயே நடந்துவிடுவதால் வரிசையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டிய மாதத்தை, கூடப்பிறந்த தங்கையின் பிறந்த நாளை மறந்தாலும், நம்மவர் மறக்கமாட்டார். அந்தப் பதிவினால் வேறொரு பலனும் உண்டு. வேலை கிட்டாதவர்களுக்கென்று தமிழக அரசு வழங்கும் உதவித்தொகைத் திட்டத்தில், பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600 என்று, மூன்று வருஷ காலத்துக்கு விதித்திருக்கிறார்கள். இதைக் கேட்டு முகம் மலர்ந்த தற்காலிகானந்தர், பதிவு செய்து ஐந்து வருஷம் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வாசித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்து, "சும்மா இருக்கிறதுக்கும் அஞ்சு வருஷ முன் அனுபவம் கேக்குறாங்க சார்" என்றார்.

சும்மா இருப்பது! அந்தப் பாக்கியம் அவருக்கு ஒரு தினமாவது வாய்த்திருக்குமானால், நான் இந்தச் சித்திரத்தை எழுத முற்பட்டிருக்க மாட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு அத்தையை மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட வேண்டும், "தம்பி சும்மாத்தானே இருக்கான்." ரேஷன் கடையில் கைரேகை விழாத பாட்டியை அழைத்துக்கொண்டு மூன்றாவது தடவையாகப் போய் நிற்க வேண்டும், சும்மாத்தானே இருக்கான். தெருவிலுள்ள அத்தனை வீட்டு மின்கட்டணமும் அவருடைய கைப்பேசி வழியாகவே செலுத்தப்படுகிறது. பணம் மாத்திரம், "அடுத்த வாரம் தர்றேன்டா கண்ணா" என்ற வாக்குறுதியாக அவர் கணக்கில் வரவாகிறது. பெரியப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனபோது, உத்தியோகத்திலிருக்கும் சொந்தப் புதல்வர்கள் இருவரும் லீவு கிடைக்காத காரணத்தால் கைப்பேசியில் அடிக்கடி நலம் விசாரித்துக்கொண்டிருக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு இரவு பாய் விரித்துக் கிடந்தவர் இவரே. எதிர்வீட்டு அக்காள் தம் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டு, பயல் தேறிய பின்பு ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு அனுப்பினார். முறுக்கு நன்றாக இருந்தது என்பதை நானும் ருசி பார்த்த முறையில் சாட்சி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆயினும் பரீட்சைக் கட்டணத்தை முறுக்காக ஏற்றுக்கொள்ளும் தேர்வாணையம் எதுவும் இதுகாறும் ஏற்படவில்லை.

ஆவணியில் முகூர்த்தங்கள் ஆரம்பமானதும் அவருடைய ஜாதகத்தில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறக் கேட்டரிங்காரர்கள் கல்லூரி மாணவர்களைத் திரட்டுவது மதுரையில் சர்வ சாதாரணம். யோக்கியதாம்சத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. ஃபைலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு சீருடைச் சட்டையும் தலைக்கு ஒரு தொப்பியும் மாட்டிவிட்டு, இரவு முடிந்ததும் சாப்பாடு போட்டுக் கையில் ரொக்கத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். தற்காலிகானந்தர் முதல் வரிசைக்குக் கூட்டும் இரண்டாம் வரிசைக்கு அவியலும் போட்டு, சாம்பார் வாளியுடன் மூன்றாம் வரிசையில் குனிந்தபோது, எதிரிலிருந்த இலைக்குப் பின்னால் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

"டேய், நீ எங்கடா இங்க?"

"மாப்பிள்ளை என் ஃப்ரெண்டு, பெரியப்பா."

பெரியப்பா தொப்பியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், அதே சட்டை போட்ட இன்னும் பத்துப் பேரையும் பார்த்தார். ஆனால் எதையும் சந்தேகிக்கும் சுபாவம் அவருக்கில்லை. பக்கத்து இலைக்காரரிடம் திரும்பி, "நம்ம தம்பி மகன். ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு என்னமா இழுத்துப் போட்டுச் செய்றான் பாருங்க!" என்று பெருமிதத்தோடு அறிமுகம் செய்துவிட்டு, "தையில நம்ம பாப்பா கல்யாணம் இருக்குடா. வெளியாளை விட்டா துட்டைப் பிடுங்கிருவாய்ங்க. உன் கூட்டாளிக எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு ரெண்டு நாளைக்கு முன்னாடியே வந்துரு. நம்ம வீட்டுக் காரியம்!" என்றார்.

சரி என்று தலையாட்டிக்கொண்டிருக்கையில், மேற்பார்வையாளர் பந்தியின் கோடியிலிருந்து உரத்த குரலில், "ஏய் தம்பி, அங்க என்ன பேச்சு? கடைசி வரிசைக்குச் சாம்பார் போகலை பாரு!" என்று அதட்டினார்.

பெரியப்பாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "நீ பாட்டுக்கு உதவிக்கு வந்திருக்க, உன்னைப் போயி என்ன விரட்டு விரட்டுறாய்ங்க!" என்று பரிதபித்து, மோருக்குப் பாத்திகட்டிச் சாதத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டார்.