புகை எந்த வழியாகப் போகும், ஐயா?

அனுப்புநர்:
ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்துத் தூங்கும் ஒருவன்,
சூரியநெல்லி, சின்னக்கானல் பஞ்சாயத்து, இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு சம்பந்தப்பட்ட அதிகாரி அவர்கள்,
சம்பந்தப்பட்ட துறை.

பொருள்: தங்கும் அறைகளில் கேஸ் கணப்பு மாட்டுதல், கழற்றுதல் – புகை போக வழி கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதுவரை யாருடைய பார்வையும் படவில்லை.

ஐயா,

தங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் யாரைக் கேட்டாலும் தங்களைத்தான் கை காட்டுகிறார்கள். கட்டடம் என்றால் ஒரு மேசை, தீ என்றால் இன்னொரு மேசை, சிலிண்டருக்கு மூன்றாவது, சுற்றுலாவுக்கு நான்காவது. இந்த நான்கு மேசைகளுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் எங்கள் ஊர்க் கணப்புகள் சொகுசாக எரிகின்றன. அந்தச் சந்துக்குத் தாங்கள்தான் பொறுப்பு என்று நம்பி எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குக் கணப்பு புதிதல்ல. துரைமார் பங்களாக்களில் அது இருந்தது. அதற்கு மேல் கூரையைப் பிளந்துகொண்டு ஒரு சிம்னியும் இருந்தது. தோட்டத்து லயங்களில் சிம்னி ஏது? விறகடுப்புப் புகை கண்ணைக் கரித்து, இருமவைத்து, கடைசியில் கூரை இடுக்கு வழியாக வெளியேறிவிடும். ஆக துரை வீட்டுப் புகைக்கும் ஒரு வழி இருந்தது, கூலி வீட்டுப் புகைக்கும் ஒரு வழி இருந்தது. இரண்டுக்கும் வழி இல்லாமல் செய்தது நம் காலத்து ‘ஃபயர் பிளேஸ் ரூம்’தான். கொழுக்குமலையில் சூரியோதயம் பார்க்க போடிமெட்டு வழியாகவும் கேப் ரோடு வழியாகவும் வருகிறவர்களுக்கு ஒரு ராத்திரி துரையாகத் தூங்க ஆசை. சிம்னி கட்டினால் செலவு, மழைக்கு ஒழுகும். ஆகவே சிம்னியை விட்டுவிட்டு நெருப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி ஓர் அறையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுவரில் மூன்றடி அகலத்துக்குப் பள்ளம். உள்ளே செங்கல் மாதிரி டைல்ஸ். அதில் பீங்கான் கட்டைகள், கணுவும் வெடிப்பும் உரிந்த பட்டையுமாக அச்சு அசல் கிராண்டிஸ் விறகு. அடியில் நீளக் குழாய் பர்னர். அதிலிருந்து ஓர் ஆரஞ்சு ட்யூப் சுவரைத் துளைத்து வெளியே போகிறது. அந்த ஓட்டையைச் சுற்றி எம்-சீலை அப்பி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ட்யூபில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருப்பார்களே, அந்தப் பகுதி சுவருக்குள் போய்விட்டது. வெளியே 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டர், விருந்தினர் கண்ணில் படாமலிருக்க முன்னால் ஒரு செம்பருத்தித் தொட்டி.

மாட்டிய தம்பி சிசிடிவியும் மாட்டுவார், டிஷ்ஷும் மாட்டுவார், வெந்நீர்க் குழாயும் மாட்டுவார். “புகை எங்கப்பா போகும்?” என்று கேட்டேன்.

“கேஸ்ல ஏதுண்ணே புகை? ஒண்ணும் ஆகாது.”

‘ஒண்ணும் ஆகாது’ என்பதுதான் எங்கள் ஊரில் தற்போது அமலில் இருக்கும் தரக்கட்டுப்பாடு. அதற்கு அரசாணை எண் ஏதும் உண்டா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

சமையலறையில் அடுப்பு மஞ்சளாக எரிந்தால் என்ன செய்வோம்? பாத்திரத்து அடி கரிபிடிக்கிறது, காற்று சரியாகச் சேரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். நீலமாக எரிந்தால்தான் கேஸ் முழுதாக எரிகிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நீலச் சுவாலையில் பீங்கான் கட்டை விறகு மாதிரித் தெரியாது. போட்டோவில் எடுபடாது. ஆகவே காற்றைக் குறைத்து மஞ்சளாக்குகிறார்கள். சமையலறையில் காசு கொடுத்துச் சரிசெய்யும் கோளாறைப் படுக்கையறையில் காசு வாங்கிக்கொண்டு விற்கிறோம்.

வெளிநாடுகளில் இந்த மஞ்சள் நெருப்பில் ஒரு வகைக்குச் சிம்னி கட்டாயம், எரியும்போது அதன் மூடி திறந்திருக்க வேண்டும். இன்னொரு வகையில் முன்னால் கண்ணாடியை அடைத்து, குழாய்க்குள் குழாய் வைத்து, ஒன்றில் வெளிக்காற்றை இழுத்து மற்றதில் புகையை வெளியே தள்ளுகிறார்கள். அறைக் காற்றுக்கும் நெருப்புக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. வழியே இல்லாத மூன்றாவது வகையிலும், ஆக்சிஜன் குறைந்தால் தானே அணைந்துவிடும் சென்சார் இருக்கும். நாம் மூன்றிலிருந்தும் நெருப்பை மட்டும் பொறுக்கிக்கொண்டோம்.

கார்பன் மோனாக்சைடு பற்றித் தங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விருந்தினரிடம் ஆதார் நகல் வாங்குகிறோம், வெளிநாட்டவர் என்றால் தனிப் படிவம் நிரப்புகிறோம். நிறமும் மணமும் இல்லாத இந்த ஆசாமி மட்டும் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் தங்குகிறார். கேஸ் கசிந்தால் காட்டிக்கொடுக்க மெர்காப்டன் வாடை சேர்த்திருக்கிறார்கள், 1906-ஐ அழைக்கலாம். அரைகுறையாக எரிந்த கேஸுக்கு வாடையும் இல்லை, அழைக்கத் தோன்றுவதும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிவாதமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அசதி, தூக்கம். கேப் ரோட்டு வளைவிலும் கொழுக்குமலை ஜீப்பிலும் குலுங்கியவர்களுக்கு இதே நான்கும் இருக்கும். “ஜீப்புல வந்தது, படுத்தா சரியாயிடும்” என்று கதவைச் சாத்திப் படுப்பார்கள்.

2020 ஜனவரி 21 அன்று நேபாளத்தின் தாமன் மலை விடுதியில் கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் விடியலில் எழவில்லை. நால்வர் குழந்தைகள். அறைக்குள் ஒரு கேஸ் ஹீட்டர், சாத்திய ஜன்னல்கள். நேபாளம் தூரம் என்றால், 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள். மலையே வேண்டாம் என்றால், அதே ஆண்டு டிசம்பரில் வடகரை சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் ஜெனரேட்டர் புகையில் இருவர். எரித்த பொருள் மூன்று விதம். சாத்திய கதவு ஒன்றேதான்.

2023-இல் எங்கள் பகுதியில் அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த அரிக்கொம்பன் யானையைப் பிடிக்க நான்கு கும்கிகள் வந்தன, மயக்க ஊசி வந்தது, நீதிமன்ற உத்தரவு வந்தது, கழுத்தில் ரேடியோ காலர் ஏறியது. யானை எங்கே நிற்கிறது என்று மலையாளத்திலும் தமிழிலும் நாடே அறிந்திருந்தது. அறைக்குள் நிற்கும் வாயுவை அறிய உள்ளங்கையகல அலாரம் ஒன்று போதும். ஆனால் அதற்குத் தும்பிக்கை இல்லையே.

சட்டம் இல்லாமலும் இல்லை. வீட்டுச் சிலிண்டரை வியாபாரத்துக்கு எரிக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் எல்பிஜி ஆணை இருக்கிறது. 100 கிலோவுக்கு மேல் எல்பிஜி சேமித்தால் உரிமம் வேண்டும் என்று 2016 விதிகள் இருக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சிவப்புச் சிலிண்டர் ஏழு வைத்தால் 99.4 கிலோ. எட்டாவதை இறக்கினால்தான் உரிமம் கேட்பார்கள். அத்துடன் எங்கள் மலைச்சரிவில் சிலிண்டர் ரோட்டு மட்டத்திலும் அறை அதற்குக் கீழேயும் இருக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் ஓடைத்தண்ணீர் போலச் சரிவு பார்த்து இறங்கும். இறங்கும் இடத்தில் கட்டில் போட்டிருக்கிறோம்.

இதற்கிடையே நேபாளச் செய்தியை யாரோ சொல்ல, விடுதிக்காரர் ஒருவர் பயந்து கணப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார். கழற்ற வந்ததும் அதே தம்பிதான். ரெகுலேட்டரை மூடாமல் ட்யூபைப் பிளேடால் அறுக்கப் போனார். தடுத்து நிறுத்தி, முதலில் சிலிண்டர் பக்கம் மூடி, குழாயில் மிச்சமிருந்த கேஸ் எரிந்து தானாக அணையும்வரை காத்திருந்து, ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு மூடியும் போட வைத்தோம். சுவருக்குள் ஓடும் செம்புக் குழாய் உள்ள இடங்களில் வாயை டேப் சுற்றிவிட்டு வருகிறார்கள். மரையுள்ள மூடியை இறுக்கி, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பங்களாக்களில் இன்னொரு கூத்து: அழகுக்காகச் சிம்னியை முதலில் அடைத்துவிடுகிறார்கள், கணப்பை அடுத்த சீசனில் கழற்றலாம் என்று.

ஆகவே ஐயா, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தங்கள் ஆய்வுப் படிவத்தில் ‘புகை எந்த வழியாகப் போகிறது?’ என்று ஒரு வரி சேர்த்து, பதிலை ஆய்வாளர் வாயால் கேட்காமல் கண்ணால் பார்த்து நிரப்பட்டும். அலாரம் உண்டா, சிலிண்டர் எங்கே, ட்யூப் எந்த வருடத்தது என்பதையெல்லாம் அடுத்த திருத்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அவசரமில்லை, குளிர் வருடா வருடம் வரும்.

நேரில் பார்க்காமல் முடிவெடுக்க இயலாது என்றால், ஜனவரியில் குடும்பத்தோடு வாருங்கள். செம்பருத்தித் தொட்டி வைத்த அந்த அறையே இருக்கிறது. நெருப்பு நல்ல மஞ்சளாக எரியும். வாடகையை நான் கட்டிவிடுகிறேன். இரவில் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியது எந்தத் துறையின் பொறுப்பு என்பதை மட்டும், வருவதற்கு முன் எழுத்துபூர்வமாகத் தெரிவித்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேலே கண்டவன்.