எஃப்.டி.க்குப் பதிலாக ஒரு பாலியோ

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் எந்தக் கம்பெனியின் பார்க்கிங்குக்குள் நுழைந்தாலும் அவருடைய வண்டியைக் கண்டுபிடித்துவிடலாம். கவர் போட்டு நிற்கும். எட்டு மணி நேர ஷிப்டுக்கே காருக்குக் கவர் போடுகிற ஆள் அந்த வளாகத்தில் அவர் ஒருவர்தான். பக்கத்தில், போன மாதம் டெலிவரி எடுத்த எஸ்.யு.வி. ஒன்று வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அதன் சொந்தக்காரருக்குக் கவலை இல்லை, அது வெறும் கார்தானே. இவருடையது முதலீடு.

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். குவாலிட்டியிலோ மெயின்டனன்ஸிலோ சீனியர். கவரைப்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ சொந்த வீடு. வீட்டுக் கடன் பாதி அடைந்திருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள் பெரியபாளையம் பக்கம் மனை வாங்குகிறார்கள், சீட்டுக் கட்டுகிறார்கள், மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுகிறார்கள். இவர் மட்டும் பழைய ஹாட் ஹேட்ச் வாங்குவார். சின்னக் கார், பெரிய இன்ஜின்: அவ்வளவுதான் விஷயம். 1976-இல் ஃபோக்ஸ்வாகன் விற்பனைக்குக் கொண்டுவந்த கோல்ஃப் ஜி.டி.ஐ.தான் இந்த வம்சத்தின் மூதாதை என்று அவரே ஆரம்பித்துவைப்பார். முதலில் 5,000 வண்டி மட்டும் செய்வதாகத்தான் திட்டம்; முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்துக்கு மேல் போனது. இந்தத் தகவலைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். நாம் ‘அப்படியா’ என்றால் போதும், டீ அவர் கணக்கு.

இந்த நோயின் வேரைத் தேடினால் பெரும்பாலும் ஒரு யமஹா ஆர்.எக்ஸ்.100-இல் போய் முடியும். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன அந்த பைக்கை, வேலைக்குச் சேர்ந்த புதிதில், மைலேஜ் வரவில்லை என்று யாருக்கோ சொற்ப விலைக்குத் தள்ளிவிட்டிருப்பார். இன்று நன்றாக வைத்திருக்கும் ஆர்.எக்ஸ்.100 லட்ச ரூபாயைத் தாண்டிக் கைமாறுகிறது. வாங்கியவன் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறான், அதே பைக்கில்தான் போகிறான். அந்த டூ ஸ்ட்ரோக் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதெல்லாம் நம்மவருக்கு ஒரு தவணை நஷ்டம் புதிதாக ஏற்படும். ‘அன்னைக்கு விட்டதை இன்னைக்குப் பிடிக்கணும்’ என்பதுதான் அவருடைய முதலீட்டுக் கொள்கை முழுவதும். ஆர்.எக்ஸ்.100 லட்சக்கணக்கில் ஓடிய பைக் என்பதையும், அப்பா ஓட்டியதை மகன் தேடுகிறான் என்பதையும், புதுப்பேட்டையில் இன்றும் அதற்குச் சாமான் கிடைக்கிறது என்பதையும் அந்தக் கொள்கை கணக்கில் எடுப்பதில்லை.

அவருடைய சந்தை ஆய்வு ஆழமானது. ஃபியட் பாலியோ 1.6: 2001-இல் வந்தது, 100 குதிரைத்திறன், விளம்பரத்தில் சச்சின். அன்றைய இந்தியக் குடும்பம் கேட்டதோ ‘எவ்வளவு கொடுக்கும்’ என்ற ஒரே கேள்விதான். அதற்கு பாலியோவிடம் கௌரவமான பதில் இல்லை. ஹூண்டாய் கெட்ஸ் டீசல்: 110 குதிரை, நம்ம இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.: 2013. அபார்த் புன்டோ: 2015 அக்டோபர், 145 குதிரை, ஷோரூம் விலை 9.95 லட்சம். பலேனோ ஆர்.எஸ்.: 2017 மார்ச்சில் 8.69 லட்சத்துக்கு வந்தது, 2019-இல் கம்பெனியே ஒரு லட்சம் விலையைக் குறைத்தது, 2020-இல் நிறுத்திவிட்டது. இந்தப் பட்டியலில் ஒரு குடும்ப ஒற்றுமை தெரியும். புதிதாக இருந்தபோது இவற்றை யாரும் போதுமான அளவுக்கு வாங்கவில்லை.

அதைச் சொன்னால் அவர் முகம் மலர்கிறது. “அதான் சார் பாயின்ட்டே. கம்மியா வித்ததாலதான் ரேர்!”

அரிதாக இருப்பதும் ஆள் தேடுவதும் வேறு வேறு. இதற்கு போலோ ஜி.டி.ஐ.யைப் போல நல்ல சாட்சி கிடையாது. 2016 நவம்பரில் இந்தியாவுக்கு மொத்தமே 99 வண்டி என்று அறிவித்து இறக்கினார்கள். மூன்று கதவு, 1.8 லிட்டர் டர்போ, 192 குதிரை, விலை 25.99 லட்சம். தொண்ணூற்றொன்பது பேர் கிடைப்பதற்குள் அடுத்த ஆண்டே விலையை 19.99 லட்சமாகக் குறைக்க வேண்டியிருந்தது. 130 கோடிப் பேர் இருந்த நாட்டில் 99 பேர்! முதல் வாரத்தில் முழு விலை கொடுத்து வாங்கிய பாக்கியவான்களுக்கு, ஓராண்டுக்குள் ஆறு லட்சம் ஆவியாயிற்று.

இந்த ஜி.டி.ஐ. கதையைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில், எடுத்துக்காட்டு என்ற நினைப்பில், அவர் சொல்லிவிட்டார். மனைவி கும்மிடிப்பூண்டியில் அரசுப் பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பாடம் என்றும் வைத்துக்கொள்வோம்.

“ஏங்க, 2016-ல பவுன் என்ன விலை?”

“ஒரு இருபத்து மூணாயிரம் இருக்கும்.”

“இருபத்தாறு லட்சத்துக்கு நூத்திப் பதிமூணு பவுன். 2025 அக்டோபர்ல பவுன் தொண்ணூறாயிரத்தத் தாண்டிடுச்சு. கோடி ரூபாய்க்கு மேல வருது. அந்தக் காரு இப்ப என்ன வருது?”

அவருக்கு வாஷர் வாங்க வெளியே போக வேண்டிய வேலை அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆனாலும் வாங்கினார். எப்படி வாங்கினார் என்பது இந்த வகை மனிதர்களின் பொருளாதாரத்தில் முக்கியமான பகுதி. இத்தனை வயதான காருக்கு வங்கி எளிதில் கார் கடன் கொடுக்காது. தனிநபர் கடனுக்கு வட்டி அதிகம். எனவே நகைக் கடன். விலை ஏறிக்கொண்டே போகும் பொருளைப் பெட்டகத்தில் அடகு வைத்து, விலை ஏறும் என்று தான் நம்புகிற பொருளை மழையில் நனையும்படி தெருவில் நிறுத்திக்கொண்டார். 2002 மாடல் பாலியோ 1.6, மூன்றாவது ஓனர். விற்றவர் கண்ணில் நீர் ததும்பியது. பிரிவுத் துயரம் என்று இவர் எடுத்துக்கொண்டார்.

கார் அழகுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஜுஜாரோவின் இத்தாலிய டிசைன் கூடம் வரைந்த மூக்கு, கையில் கனமாக உட்காரும் ஸ்டியரிங், கதவை மூடும்போது வருகிற அந்த ‘தொப்’. அதிகாலை ஐந்தரைக்கு ஊத்துக்கோட்டை சாலையில், லாரிகள் குறைவான ஒரு கால் மணி நேரத்தில், மூன்றாவது கியரில் அது இழுக்கிற இழுப்பைப் பார்த்தால் வட்டிக் கணக்கு யாருக்கும் மறந்துபோகும். இந்தப் பகுதிக்கும் வேகத்துக்கும் பழைய உறவு உண்டு. உலகப் போர்க் காலத்து சோழவரம் ஓடுதளத்தில்தான், இருங்காட்டுக்கோட்டைக்குப் பந்தயம் இடம் மாறும்வரை, சென்னையின் கார் பந்தயங்கள் நடந்தன. திருவள்ளூரில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. இன்று அதே திருவள்ளூரிலிருந்து 110 குதிரை டர்போ இன்ஜினோடு சிட்ரோன் சி3 வருகிறது, புதுசாக, வாரன்டியோடு. அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். “அது கார் சார்” என்று முடித்துவிடுவார்.

சிக்கல் என்னவென்றால், முதலீட்டை ஓட்டக் கூடாது. ஓடோமீட்டர் ஏறினால் விலை இறங்கும். எனவே வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறார். ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறது, டயர் ஒரே இடத்தில் அழுந்துகிறது, ரப்பர் வெடிக்கிறது. எனவே வாரம் ஒரு நாள் சிப்காட்டுக்கு எடுத்து வந்து, கவர் போட்டு, திரும்ப ஓட்டிப் போகிறார். 2020 நவம்பரில் திறந்த தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் பக்கம், மாலையில் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுப்பார். சிப்காட் வருவதற்கு முன் இந்த நிலத்தில் மாடு மேய்ந்தது; அந்த விஷயம் மாடுகளுக்கு இன்னும் தெரிவிக்கப்படவில்லை. அவை நடுரோட்டில் படுத்திருக்கும். நூறு குதிரை அங்கே நிற்கும், ஒரு எருமை எழுந்திருக்கும்வரை.

செலவுப் பக்கத்துக்கு வருவோம். அவருடைய எக்ஸெல் தாளில் இந்தப் பக்கம் இல்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று முந்தைய ஓனருக்குத் தெரியாது, அவருக்கு முந்தையவருக்கும் தெரியாது. அது அறுந்தால் இன்ஜினே கையை விரித்துவிடும் என்பதால் வாங்கிய வாரமே மாற்றினார். கூடவே வாட்டர் பம்ப். ஃபியட் இங்கே கடையைக் கட்டியபின், சாமான் என்றால் புதுப்பேட்டை அல்லது புனே. கவரைப்பேட்டை மெக்கானிக் பானட்டைத் திறந்து ஒரு நிமிடம் மௌனம் காத்தார். “ணா, இது நல்ல வண்டிணா. ஆனா இதுக்கு இன்னொரு வண்டி வாங்கிக்கங்க.” எதற்கு என்று கேட்டதற்கு, “பார்ட்ஸ் கழட்ட” என்றார். அதையும் அவர் இரண்டாவது முதலீடாகத்தான் பார்க்கிறார். கூப்பிடு தூரத்தில் மிஷெலின் டயர் தொழிற்சாலையே இருக்கிறது. ஆனால் அது லாரிக்கும் பஸ்ஸுக்கும் டயர் செய்வதற்காக வந்தது. இவர் தன் டயருக்குச் சென்னைக்குப் போய் வருகிறார்.

பெட்ரோலில் இப்போது இருபது சதவீதம் எத்தனால். 2002-இல் போட்ட ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் அதற்காகச் செய்தவை அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ‘கிளாசிக்’ என்ற கண்ணே கிடையாது. ஐந்து ஆண்டுக்குள்ளேயே மதிப்பைப் பாதியாகக் குறைத்துவிடும், அதற்கு மேல் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். தன் பாலியோவின் ‘உண்மையான மதிப்பை’ அவர் சொன்னபோது, ஏஜென்ட் தம்பி தப்பாகக் காதில் விழுந்ததோ என்று மறுபடி கேட்டான். பதினைந்து வயதைத் தாண்டிய காரின் ஆர்.சி.யை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது வயதைத் தாண்டியவற்றுக்கு 10,000 என்று ஆக்கினார்கள். அரசு இந்தக் கட்டணத்தை ஏற்றுவதே பழைய வண்டியை ஸ்கிராப்புக்கு அனுப்பத்தான். அவரோ, “பாத்தீங்களா, நெறைய வண்டி ஸ்கிராப்புக்குப் போயிடும், நம்மது இன்னும் ரேர் ஆயிடும்” என்கிறார். எந்தச் செய்தி வந்தாலும் அவருக்கு விலை ஏறும். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகி, புது கார் விலை குறைந்து, பழைய கார் சந்தை கலங்கியபோதுகூட அவர் கலங்கவில்லை.

வரி விஷயத்திலும் ஒரு வாதம் வைத்திருக்கிறார். சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருளை வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தாக எடுத்துக்கொள்வதில்லை; நகை, ஓவியம் போன்ற சிலவற்றுக்குத்தான் அந்தச் சலுகை இல்லை. ஆகவே காரை விற்றால் வரும் லாபத்துக்கு வரி இல்லை என்கிறார். நஷ்டம் வந்தால் அதை எங்கும் கழித்துக்கொள்ளவும் முடியாது. அந்தப் பக்கம் அவர் திரும்புவதில்லை.

யாராவது ரொம்பவும் மடக்கினால் கடைசி ஆயுதமாக டயானா வருவார். இளவரசி டயானா 1980-களில் தானே ஓட்டிய ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்.எஸ். டர்போ, 2022 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் ஆறரை லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. நம் பணத்தில் ஆறு கோடிக்கு மேல். உண்மைதான். வெள்ளையில் மட்டுமே வந்த மாடலை அவருக்காகக் கறுப்பில் செய்து கொடுத்தார்கள். ஓடியது 25,000 மைல்கூட இல்லை. இங்கே முந்தைய ஓனர்களில் ஒருவர் ஆரம்பாக்கத்தில் கோழிப் பண்ணை வைத்திருந்தார், பின் சீட்டில் தீவன மூட்டை போன வாசனை மழைக்காலத்தில் இன்னும் வரும். ஏலத்தில் கை தூக்குபவர் காரையும் வாங்குகிறார், அதில் உட்கார்ந்திருந்தவரையும் சேர்த்து வாங்குகிறார்.

நேர்மையாகச் சொன்னால், போலோ ஜி.டி. மாதிரி ஒன்றிரண்டு, 2022-இல் உற்பத்தி நின்றபின், மற்ற பழைய கார்களைவிட மெதுவாகத்தான் விலை இறங்குகின்றன. அதன் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் ஒழுங்காக இருக்கும்வரை. மெதுவாக இறங்குவதை ஏறுவது என்று எழுதும் கணக்குப்பிள்ளை அவர். அவர் ஏமாந்தவர் என்று நினைத்தால் நாம்தான் ஏமாந்தோம். பள்ளிக்கூட நாளில் பிடித்த ஒரு காரை வாங்கவேண்டும் என்று நாற்பது வயது மனிதர் வீட்டில் சொன்னால் அனுமதி கிடைக்காது; முதலீடு என்றால் குறைந்தபட்சம் விவாதத்துக்காவது எடுத்துக்கொள்வார்கள். மனைவிக்கும் இது தெரியும். அதனால்தான் அடகுச் சீட்டைத் தன் பீரோவில் வைத்துக்கொண்டு, சாவியை அவரிடம் விட்டுவைத்திருக்கிறார்.

இப்போது அவருடைய கண் விண்டேஜ் பதிவின் மேல். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயது முடிந்த வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி ‘வி.ஏ.’ எழுத்தோடு தனி நம்பர் வாங்கலாம். 2002 பாலியோவுக்கு அந்தத் தகுதி 2052-இல் வருகிறது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது.