நிலவுக்கு எந்த நாள் விடுமுறை?

கேள்வி: ஞாயிற்றுக்கு அடுத்த நாள் செவ்வாயாகாமல் திங்களானது ஏன்?

பதில்: ஓரைக் கணக்கே காரணம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோள் ஆள்வதாகக் கொள்வது ஓரை. சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்னும் வரிசையில் அது சுழல, ஞாயிறன்று சூரியனில் தொடங்கும் கணக்கு 25ஆவது ஓரையில், அதாவது மறுநாளின் முதல் ஓரையில், சந்திரனுக்கு வருவதால், அந்நாள் திங்களாயிற்று.

கேள்வி: சூரியனின் நாளில் ஓய்வு, சந்திரனின் நாளில் வேலை, இது நியாயமா?

பதில்: சந்திரனுக்கும் இலங்கையில் ஒரு காலம் நியாயம் கிடைத்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க ஆட்சியில் 1965இல் நிறைவேறிய விடுமுறைச் சட்டம், 1966 முதல் ஞாயிறு ஓய்வை நீக்கி, அமாவாசை, பூரணை, இரு அட்டமிகள் ஆகிய போயா நாள்களை, அதாவது பௌத்தர் சீலம் காக்கும் நாள்களை, வார விடுமுறையாக்கிற்று. நிலவின் ஒரு சுற்று ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அது ஏழு ஏழாகப் பிரிவதில்லை. ஆகவே ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் இடையே சில வேளை ஏழு நாளும் சில வேளை எட்டு நாளும் வர, விடுமுறை கிழமை விட்டுக் கிழமை நகர்ந்தது. ஞாயிற்றுப் பூசைக்குச் செல்லவேண்டிய கிறித்தவர் அலுவலகம் போகவேண்டியிருந்தது. வெளிநாட்டு வணிகத்தோடும் நாள்கள் பொருந்தவில்லை. 1971இல் சனியும் ஞாயிறும் மீண்டன. பூரணை மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. கிழமைக்கும் பிறைக்கும் உரியதை உரியவாறு பகிர்ந்த இந்த ஏற்பாடே செம்மையானது.

கேள்வி: யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை இந்திர விழாவை மே மாத வங்கி விடுமுறைத் திங்களுக்கு மாற்றினால், லண்டன் உறவினர் வந்துபோக வசதியாகுமே?

பதில்: 1871இல் பிரித்தானியா வகுத்த வங்கி விடுமுறைகளுள் பெரும்பாலானவை திங்களில் அமைந்தன, அமெரிக்காவும் 1971 முதல் சில விடுமுறைகளைத் திங்களுக்கு நகர்த்தியது. தொடர்ச்சியான ஓய்வு கிடைப்பதற்காகச் சட்டம் வகுத்த நாளைச் சட்டமே நகர்த்தலாம். ஆனால் அவ்வூர் முத்துமாரி அம்மன் கடலில் தீர்த்தமாடுவதும், அன்றிரவு ஊரெல்லாம் விளக்கும் அலங்காரமுமாக இந்திர விழா நடப்பதும் சித்திரைப் பூரணையில். தாயை இழந்தோர் விரதம் காத்துக் கஞ்சி வார்ப்பதும் அன்றே. கிழமையைப் பார்த்து இவற்றை மாற்றினால் விழா மிஞ்சும், நாள் போய்விடும். 2025இல் அந்தப் பூரணை மே 12, திங்கட்கிழமையே வந்தது. வெசாக் விடுமுறையும் அன்றுதான். லண்டனின் மே மாத முதல் விடுமுறையோ ஒரு வாரம் முந்தி, 5ஆம் திகதி முடிந்துவிட்டது. சித்திரைப் பூரணை எந்நாளில் வருமென்பதைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுவதால், உறவினர் அதைப் பார்த்து விமானச் சீட்டு எடுப்பதே வழி.