ஏழாவது ஆளாகத் தோனி, முதல் ஆளாகப் பெரியப்பா

இந்தியக் கிரிக்கெட் அணியில் யாருக்கு அடுத்து யார் பேட்டிங் இறங்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் இடம் மும்பையில் இல்லை. திருப்பதியில், அலிபிரி போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஒரு சந்தில், எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்கு நேர் எதிரே போட்டிருக்கும் நாற்காலியில் இருக்கிறது. கிரிக்கெட் வாரியத்துக்கு இது இன்னும் தெரியவில்லை. இந்தியா தோற்கிற ஆட்டங்களுக்கெல்லாம் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நாங்கள் தாத்தா காலத்திலிருந்து திருப்பதித் தமிழர்கள். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது ம.பொ.சி. அவ்வளவு போராடியும், பின்னால் 1960-ல் திருத்தணிதான் தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போனது. திருப்பதி ஆந்திராவிலேயே தங்கிவிட்டது, கூடவே என் தாத்தாவும். ஆகவே எங்கள் ரேஷன் கார்டு தெலுங்கில், சண்டை தமிழில். ஐபிஎல் வந்தபோது எந்த அணி என்று நான் யோசிக்கவே இல்லை. ஐதராபாத்துக்கு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். சென்னைக்கு மூன்று மணி நேரம், சாப்பாட்டுக்குப் போய்விடலாம். எங்கள் வீடு மஞ்சள். பக்கத்து வீட்டு ரெட்டிகாரு ஆரஞ்சு. நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர், அதன் மேல் காலை ஆறரை மணிக்கு இரண்டு காபி டம்ளர்கள்.

கேப்டன்களைத் திட்டுவது எங்களுக்குப் பிதுரார்ஜிதம். அப்பாவின் மனக்குறை வெங்கட்ராகவன். 1974-ல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக டெல்லி டெஸ்டில் அவரைக் கேப்டன் ஆக்கினார்கள். அடுத்த கல்கத்தா டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள் ஆக்கினார்கள். 1979-ல் இங்கிலாந்திலிருந்து திரும்பும் விமானத்தில், கேப்டன் பதவி கவாஸ்கருக்குப் போய்விட்டதை விமானியே ஒலிபெருக்கியில் அறிவித்ததாகச் சொல்வார்கள். “ஏழுமலையான் பேரை வெச்சிக்கிட்டிருக்கிறவனுக்கே இந்தக் கதின்னா மத்தவன் கதி என்னடா?” என்று அப்பா கடைசி வரை மலையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் கணக்கு 1996-ல் ஆரம்பிக்கிறது. கல்கத்தா அரையிறுதி, அசாருதீன் டாஸ் ஜெயித்து ஃபீல்டிங் எடுத்தார். ஒரு விக்கெட்டுக்கு 98 என்று இருந்தது எட்டு விக்கெட்டுக்கு 120 ஆனது. மைதானத்தில் பாட்டில் பறந்தது. ஆட்டத்தை இலங்கைக்கே கொடுத்துவிட்டார்கள். 2003-ல் ஜோகன்னஸ்பர்க் இறுதி ஆட்டம், கங்குலி டாஸ் ஜெயித்து மறுபடியும் ஃபீல்டிங். கும்ப்ளே ஆடும் பதினொருவரில் இல்லை. ஆஸ்திரேலியா 359. இந்த இரண்டு டாஸையும் நினைத்தால் எனக்கு இன்றும் ரத்த அழுத்தம் ஏறும். டாக்டரிடம் காரணம் சொன்னேன். அவர் மாத்திரையை எழுதிவிட்டு, “கும்ப்ளேவை எடுக்காதது தப்புதான்” என்றார்.

2011 பற்றி ஒரு வதந்தி உண்டு. வான்கடே இறுதி ஆட்டத்தில் யுவராஜ் சிங்குக்கு முன்னால் தோனி தானே இறங்கி வந்தபோது, “இந்த உலகக் கோப்பையில 34-க்கு மேல ஒரு தடவைகூட அடிக்காதவன் எதுக்குய்யா இப்ப வர்றான்?” என்று நான் தெருவுக்குக் கேட்கும்படி கத்தினேனாம். தோனி 91 அடித்து, கடைசியில் சிக்ஸர் அடித்து, கோப்பையைத் தூக்கிவிட்டு, மறுநாள் மொட்டையும் போட்டுக்கொண்டார். நானும் மலைக்குப் போய்க் கல்யாணகட்டாவில் உட்கார்ந்து நேர்த்திக்கடனைச் செலுத்தினேன். கத்தியது எனக்கு நினைவில் இல்லை. சாட்சி என் மனைவி ஒருத்திதான். ஒரு சாட்சி போதாது.

ஆனால் என்னை உண்மையிலேயே இரண்டாகப் பிளந்தது 2019.

ஏப்ரல் 15-ஆம் தேதி உலகக் கோப்பைக்கு அணியை அறிவித்தார்கள். தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத். நான்காவது இடத்துக்கு வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த அம்பாத்தி ராயுடுவை விட்டுவிட்டு, தமிழ்நாட்டு விஜய் சங்கரை எடுத்தார். பேட்டிங், பௌலிங், ஃபீல்டிங் என்று அவருக்கு மூன்று பரிமாணமாம். உலகக் கோப்பை பார்க்க 3டி கண்ணாடி ஆர்டர் செய்திருப்பதாக ராயுடு ட்விட்டரில் எழுதினார். பிரசாத்தும் குண்டூர், ராயுடுவும் குண்டூர். மறுநாள் காலை ரெட்டிகாரு காபி டம்ளரைச் சுவரில் ‘டக்’கென்று வைத்தார். “எங்க குண்டூர் ஆளே எங்க குண்டூர் ஆளை வெட்டிட்டு, உங்க ஆளை எடுத்திருக்கான் சார்.”

வெற்றிப் புன்னகையை மறைக்கக் காபியை வேகமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். ரெட்டிகாரு விடவில்லை. “போன வருஷம் உங்க சென்னைக்கு 602 ரன் அடிச்சு கப் வாங்கிக் கொடுத்தவன் யாரு?” அதுவும் ராயுடுதான். தமிழனாக எனக்கு நியாயம் கிடைத்திருந்தது. சென்னை ரசிகனாக அநியாயம் நடந்திருந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் காட்டுவது கஷ்டம்.

ஜூன் 16, மான்செஸ்டர், பாகிஸ்தான் ஆட்டம். புவனேஷ்வருக்குக் காலில் பிடிப்பு. பாதியில் நின்ற ஓவரை முடிக்க விஜய் சங்கரைக் கூப்பிட்டார்கள். உலகக் கோப்பையில் அவர் போட்ட முதல் பந்திலேயே இமாம் உல் ஹக் எல்பிடபிள்யூ. அன்று ராத்திரி நான் சுவரருகே தேவையே இல்லாமல் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ரெட்டிகாரு வெளியே வரவில்லை. சில நாளில் விஜய் சங்கருக்குக் கால் விரலில் அடி, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு அழைத்தது, காத்திருப்போர் பட்டியலில் இருந்த ராயுடுவை அல்ல, மயங்க் அகர்வாலை. ராயுடு ஓய்வு பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது ரெட்டிகாரு தண்ணீர் ஊற்ற வந்தார். “ஏமி சார், மீ விஜய் சங்கர் எக்கட?”

பிறகு அந்த அரையிறுதி. மழையால் இரண்டு நாள் நடந்தது, ஆகவே வேண்டுதலும் இரண்டு நாள். நியூசிலாந்து 239. ரோகித் 1, கோலி 1, ராகுல் 1. 5 ரன்னுக்கு 3 விக்கெட். அடுத்து தோனிதான் என்று நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். வந்தது தினேஷ் கார்த்திக். தமிழன்! கைதட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? இரண்டு கையும் பாதி வழியில் நின்றன. கார்த்திக் 25 பந்தில் 6 ரன் எடுத்துப் போனார். அப்போதும் தோனி இல்லை, பாண்டியா. தோனி வந்தது ஏழாவது ஆளாக. ஜடேஜா 77 அடித்தும், தோனி 50-ல் குப்திலின் ஒரே எறியில் ரன் அவுட் ஆகி, 18 ரன்னில் ஆட்டம் போனது.

தோனியை ஏன் முன்னால் அனுப்பவில்லை என்று கேட்டதற்கு, பயிற்சியாளர் ரவி சாஸ்திரி அது அணியின் முடிவு என்றார். சீக்கிரம் இறங்கி அவுட்டாகிவிட்டால் துரத்தலே முடிந்துபோகும், அனுபவசாலி கடைசியில் தேவை என்றார். டிவியைப் பார்த்து நான் பதில் சொன்னேன்: “அனுபவசாலியை முதல்ல அனுப்பணும்யா! பின்னாடி வெச்சு ஊறுகாய் போடவா?” இந்த வாக்கியத்தை என் மனைவி மனசில் பத்திரப்படுத்திக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

திருப்பதியில் சொந்த வீடு இருப்பவனுக்கு உறவினர்கள் எத்தனை பேர் என்பது அவனுக்கே தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை நானும் தேவஸ்தானமும் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். அந்த வருஷமும் சென்னையிலிருந்து பெரியப்பா தலைமையில் ஒரு வேன் வந்து இறங்கியது. முந்நூறு ரூபாய் டிக்கெட், காலை ஸ்லாட். ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். எங்களையும் சேர்த்துப் பதின்மூன்று பேர். குளியலறை ஒன்று. கீஸர் பதினைந்து லிட்டர்.

குளிக்கும் வரிசையை நான் போட்டேன். ஒரு தாளில் எழுதி, ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினேன். முதல் ஆள் பெரியப்பா. எழுபத்தெட்டு வயசு, எத்தனையோ அதிகாலைக் குளியல்களைப் பார்த்தவர். அனுபவம் முதலில் இறங்கி அஸ்திவாரம் போட்டால், பின்னால் வரும் சின்னப் பசங்கள் அடித்து ஆடுவார்கள். மூன்றே நிமிஷத்தில் குளித்துவிட்டு வரும் என் மகனைக் கடைசி ஆளாக வைத்தேன். அவன் ஃபினிஷர்.

பெரியப்பா மூன்றரைக்கு உள்ளே போனார். நாலு மணிக்குப் பல்லாண்டு கேட்டது. நாலே காலுக்கும் பல்லாண்டு கேட்டது. அவர் நங்கூரம் பாய்ச்சிவிட்டார். டெஸ்ட் ஆட்டத்தில் இப்படி ஒரு ஆள் கிடைத்தால் கோவில் கட்டலாம். அவர் வெளியே வந்தபோது கீஸரில் சூடு இல்லை, மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டார் போடப் போனேன், கரண்ட் இல்லை. மத்தியவரிசை மொத்தமும் சோப்புப் பெட்டியோடு தாழ்வாரத்தில் நின்றது. சித்தி ஒருத்தி பக்கத்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாள். ரெட்டிகாரு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, “ஏம் சார், ஓப்பனிங் யாரு?” என்று கேட்டார். வேன் ஆறே காலுக்குப் புறப்பட்டது.

அடுக்களை வாசலில் பத்திரிகையாளர் சந்திப்பு நடந்தது. புளியோதரைக் கரண்டியோடு மனைவி ஒரே ஆள்தான் கேள்வி கேட்டாள்.

“பெரியப்பாவை எதுக்கு முதல்ல விட்டீங்க?”

“அது எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு.”

“எல்லாரும்னா?”

“சூழ்நிலை நமக்குச் சாதகமா இல்லை. கரண்ட் போகும்னு யாருக்குத் தெரியும்? டாஸ் மாதிரிதான்.”

“பெரியவரைக் கடைசியில விட்டிருந்தா பன்னெண்டு பேர் முடிச்சிருப்பாங்க. அவர் சாவகாசமா குளிச்சிட்டு வந்திருப்பார். அனுபவசாலி கடைசியில தேவைன்னு அன்னைக்கு டிவியில அந்தத் தாடிக்காரர் எவ்வளவு அழகா சொன்னார்! ஊறுகாய் போடவான்னு கேட்டீங்களே?”

அன்றிலிருந்து வீட்டில் சாஸ்திரிக்கு ஒரு ஓட்டு விழுந்துவிட்டது.

அமெரிக்காவில் இந்தக் கவலை இருக்காது என்று நினைத்தேன். ஃப்ளோரிடாவில், டாம்பாவில் இருக்கும் மச்சினன் 2020 அக்டோபரில் ஒரு நாள் அழாத குறையாகப் போன் செய்தான். அது பேஸ்பால். அங்கே அணியை நடத்துகிறவர் மேனேஜர். வயசானாலும் ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாராம். (சாஸ்திரியைப் பேடு கட்டி உட்கார வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.) உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். டாம்பா அணி ஒன்றுக்குப் பூஜ்யம் முன்னிலை. பந்து எறியும் பிளேக் ஸ்னெல் ஒன்பது ஸ்ட்ரைக்-அவுட் எடுத்து அற்புதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். எழுபத்து மூன்றே பந்து. மேனேஜர் கெவின் கேஷ் நடந்து வந்து அவரை வெளியே அனுப்பிவிட்டார். ஒரே ஆளின் பந்தை மூன்றாவது சுற்றும் சந்திக்கிற மட்டையாளர்கள் நன்றாக அடிப்பார்கள் என்று புள்ளிவிவரம் சொல்கிறதாம். உடனே லாஸ் ஏஞ்சலஸ் அணி அடித்து மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. “நல்லா போட்டுக்கிட்டிருக்கிறவனை எடுப்பாங்களா அத்தான்?” என்றான். பேஸ்பால் மட்டை உருண்டையா தட்டையா என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அவன் சொன்னதில் புரியாதது ஒன்றுமில்லை.

இடையில் நடந்தவற்றை வேகமாகக் கடக்கிறேன், மாத்திரை தீரும் நேரம். 2023 ஜூனில் உலக டெஸ்ட் இறுதி ஆட்டத்துக்கு, தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அஸ்வினை உட்கார வைத்தார்கள். ஓவலில் 209 ரன்னில் தோற்றோம். 2024 மே மாதம் ரெட்டிகாருவின் முறை: சேப்பாக்கத்தில் ஐபிஎல் இறுதி ஆட்டம், ஐதராபாத்தின் கம்மின்ஸ் டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்து 113-ல் சுருண்டார். ஆறுதல் சொல்லச் சுவர் வரைக்கும் போனேன். மஞ்சள் பனியனை மாற்றிக்கொண்டு போயிருக்கலாம் என்பது மனைவியின் கருத்து.

2025 மார்ச் 28, அதே சேப்பாக்கம், பெங்களூரு. துரத்தல் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. நான் நாற்காலியின் நுனியில். அடுத்து வந்தது அஸ்வின். மறுபடியும் தமிழன், மறுபடியும் என் கைகள் பாதி வழியில். தோனி ஒன்பதாவது ஆளாக வந்து, எல்லாம் முடிந்த பிறகு 16 பந்தில் 30 அடித்தார். 50 ரன் தோல்வி. 2008-க்குப் பிறகு பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்தது அன்றுதான். சுவருக்கு மேலே தலை தெரிந்தது: “உங்க தமிழ் ஆளு முன்னாடி போயிட்டான். சந்தோஷமேனா சார்?”

அடுத்த ஆட்டமும் தோற்ற பிறகு பயிற்சியாளர் ஃபிளெமிங் விளக்கினார். தோனியின் மூட்டு முன்போல் இல்லை, பத்து ஓவர் முழுக்க ஓடி ஆட முடியாது என்று. இதை நான் கண்டித்துக்கொண்டிருந்தபோது மனைவி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதையோ பத்திரப்படுத்துகிறாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மகன் பரீட்சையில் தேறியதற்கு அலிபிரியிலிருந்து நடந்து மலையேறுவதாக வேண்டுதல் வைத்திருந்தாள். சுமார் 3,550 படி, ஒன்பது கிலோமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடிவாரத்தில் நின்றோம். படிகளுக்கு மேலே கூரை போட்டிருக்கிறார்கள், வெயில் என்று சாக்குச் சொல்ல முடியாது. நான் வேட்டியை மடித்துக் கட்டி, மகனை முன்னாலும் மனைவியை நடுவிலும் வைத்து, முழங்கால் முறிச்சான் என்கிற செங்குத்து ஏற்றத்தில் என் அனுபவம் தேவைப்படும் என்பதால் கடைசியில் நான் வருவதாக அறிவித்தேன்.

“நீங்க பஸ்ல வாங்க” என்றாள்.

“ஏன்?”

“மூட்டு முன்ன மாதிரி இல்லை. பத்து ஓவர் தாங்காது.”

“அதை யார் முடிவு பண்ணினது?”

“எல்லாரும் சேர்ந்து” என்றாள். மகன் தலையாட்டினான்.

சரி, பைகளையாவது நான் கொண்டுவருகிறேன் என்றேன். நடந்து ஏறுகிறவர்களின் பைகளைத் தேவஸ்தானமே அலிபிரியில் வாங்கி, காசு வாங்காமல் மேலே கொண்டு சேர்த்துவிடுகிறது. அதற்கும் நான் வேண்டியிருக்கவில்லை. ரசீதை மகன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அம்மாவும் பிள்ளையும் “கோவிந்தா” என்று சொல்லிக்கொண்டு ஏறிப் போனார்கள். நான் பஸ் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் ஒரு இளைஞன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியான ஆட்டம் தொடங்கும் நேரம்.

“டாஸ் போட்டாச்சா தம்பி?”

“ஜெயிச்சு ஃபீல்டிங் எடுத்திருக்காங்க சார்.”

“அறிவு கெட்டவங்க” என்றேன்.

பஸ் இரண்டு வளைவு திரும்பிய பிறகு, யாருக்கும் யாருக்கும் ஆட்டம் என்று கேட்டேன்.