பி.பார்ம்: விண்ணப்பத்துக்கு முந்தைய படிப்பு

பி.பார்ம் நான்காண்டுப் பட்டப்படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். கூடவே உயிரியலோ கணிதமோ வேண்டும். நீட் தேவையில்லை. வத்திராயிருப்பு வீடுகளில் இந்த உண்மை வழக்கமாக நீட் முடிவு வந்த அன்று மாலைதான் கண்டுபிடிக்கப்படுகிறது.

அடுத்தது சான்றிதழ்ப் பருவம். சாதி, வருமானம், இருப்பிடம் என ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் ஓர் ஓடிபி. அது வந்து சேரும் கைபேசியோ வயலில் நிற்கும் அப்பாவின் சட்டைப்பையில். ஊர் தனித் தாலுகாவாகிவிட்டதால் முன்போல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அலைய வேண்டாம், உள்ளூரிலேயே அலையலாம். முதல் பட்டதாரிச் சான்றிதழ் தனிக் கதை. அண்ணன் எப்போதோ வாங்கிய பட்டம் முதன்முறையாகப் பயன்படுவது, தம்பியின் சலுகையைத் தடுக்கத்தான்.

அரசு இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத்திலுள்ள தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்படி தரவரிசை போடும். அரசு இடம் மதுரை மருத்துவக் கல்லூரியில் உண்டு; தனியார் கல்லூரி பக்கத்துக் கிருஷ்ணன்கோவிலிலேயே.

இடையில் சொந்தக்காரர்கள் "மெடிக்கல் ஷாப் வைக்கவா?" என்பார்கள். அதற்கு இரண்டாண்டு டி.பார்மே போதும். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும்; சில கடைகளில் சுவரில் மாட்டிய அவரது சான்றிதழ் மட்டும் தவறாமல் வேலைக்கு வருகிறது.