நைட்டி மேல் ஒரு துண்டு

திண்டுக்கல்லில் குடும்பப் பெண்களுக்கு அன்றாட உடை இரண்டு. வீட்டுக்குள் நைட்டி. வீட்டுக்கு வெளியே நைட்டி மேல் துண்டு.

அந்தத் துண்டு எதையும் பெரிதாக மறைப்பதில்லை. பாதி நேரம் ஒரு தோளில் தொங்கி, மீதி நேரம் முகம் துடைக்கவும் ஈ விரட்டவும் பயன்படுகிறது. ஆனாலும் அது தோளில் விழுந்துவிட்டால் நைட்டிக்குச் சபை மரியாதை வந்துவிடும். துண்டு போட்டுக்கொண்டு வாசலில் கோலம் போடலாம். சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம், மேலே கேட்கும் முப்பது ரூபாய் எந்தக் கணக்கு என்று சண்டை பிடிக்கலாம். முக்குக் கடைக்குப் போய்க் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்கலாம். வண்டியில் போகும் கவுன்சிலரைக் கைகாட்டி நிறுத்தி, "ஆத்தூர் டேம்ல தண்ணி கிடக்கு, எங்க குழாய்ல காத்துதானே வருது?" என்றும் கேட்கலாம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இதே கேள்வியை என்னால் கேட்க முடியாது. ஒரு கை முந்தானையையும் இன்னொரு கை கொசுவத்தையும் பிடித்திருக்கும்போது கவுன்சிலரை எந்தக் கையால் நிறுத்துவது?

சௌகரியமும் தன்னம்பிக்கையும் ஒரே உடையில் கிடைப்பது அபூர்வம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அவர்களை எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கு, தண்ணீர் லாரி வரும் நேரத்தில் நிறுத்தி வைக்க வேண்டும்.

2018-ல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில், தோகலபள்ளி என்ற கிராமத்துப் பெரியவர்கள் கூடி நைட்டிக்குத் தடை போட்டார்கள். காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை நைட்டியோடு வெளியே வந்தால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் சன்மானம். செய்தியைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அபராதத்துக்கு அசரவே இல்லை. "அந்த ஆயிரத்துக்கு இந்தத் தெருவுல யாரு யாரைக் காட்டிக்கொடுப்பாங்கன்னு யோசிச்சியா?" என்றார். அன்று முழுக்க நாங்கள் ஒருவரை ஒருவர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்துக்கொண்டோம்.

ஆண்கள் விஷயத்தில் அரசாங்கம் வேகமாக வேலை செய்கிறது. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் சிறைகூட உண்டு. நைட்டிக்காக இப்படி எந்தச் சட்டசபையாவது எழுந்து நிற்குமா என்று நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு தைரியமான ஊர், பரண்மேல் இருந்து பெட்டியை இறக்கியதும் தலைகீழாக மாறிவிடுகிறது. வருஷம் முழுக்க நைட்டியிலும் கைலியிலும் நிம்மதியாக இருந்த குடும்பம், ஊருக்குப் போகும்போது மட்டும் இதுவரை உடம்பில் பட்டிராத துணிகளாகப் பார்த்து அடுக்குகிறது. பீரோ திறக்கிறது, அந்துருண்டை வாசனை வீடெல்லாம் பரவுகிறது, அத்தை வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறார். அத்தை என்றால் மாமியார்.

"அரக்கை எடுத்துக்கிறேன் அத்தை."

"அது வளைகாப்புக்குக் கட்டுனதுத்தா. போட்டோவுல இருக்கு."

"அப்ப பச்சை?"

"பச்சை வீடியோவுலயே இருக்கு."

இப்படியாக இரண்டு நாள் கல்யாணத்துக்கு ஆறு சேலை. ஒவ்வொன்றுக்கும் தனி ஜாக்கெட், தனி உள்பாவாடை, தனி வளையல். என் வீட்டுக்காரர் பெட்டி கட்டுவது வேறு வகை. ஒரு பேன்ட், இரண்டு சட்டை, ஒரு கைலி, சுருட்டி ஒரு பையில் திணித்தால் தீர்ந்தது. பிறகு ஷேவிங் செட், சார்ஜர், செருப்பு, மாத்திரை டப்பா, படிக்கப்போவதில்லை என்று அவருக்கே தெரிந்த ஒரு தடிப் புத்தகம் எல்லாம் என் பெட்டிக்குள் குடியேறும். ஸ்டேஷன் படிக்கட்டில் அந்தப் பெட்டியைத் தூக்கும்போது, "இதுல அப்படி என்னதான் வச்சிருக்க?" என்று கேட்பவரும் அவர்தான்.

கடைசியாகப் பூட்டு. திண்டுக்கல்காரர் பெட்டியில் நம்பர் பூட்டைத் தொங்கவிட்டால் ஊருக்கே அவமானம். பட்டறையில் ராவி ராவிச் செய்த பூட்டு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, கோயில் கதவுக்கும் குடோன் கதவுக்கும் போடுகிற பூட்டு. அதைத் துணிப்பெட்டியின் ஜிப்பில் மாட்டுகிறோம். எந்தத் திருடனாலும் அதைத் திறக்க முடியாது. அதற்கு ஒரு விரல் தள்ளி பிளேடால் ஒரு கோடு போட்டால் மொத்தச் சேலையும் வெளியே வந்துவிடும் என்பது வேறு விஷயம். விமானத்தில் ஒருவருக்கு 15 கிலோ என்கிறார்கள். பூட்டைக் கழித்துவிட்டு எடை போடுவார்களா என்று அத்தை கேட்டிருக்கிறார்.

பெட்டி கட்டுவதில் நான் மதிக்கிற ஆள் ஒருவர்தான். 1921 செப்டம்பர் 22-ம் தேதி மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியிலிருந்து, சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு நாலு முழத் துணியோடு இறங்கி வந்த காந்திதான். அதை அரசியல் என்பார்கள். அரசியல்தான். ஆனால் மதுரைப் பக்கத்து வெயிலை அறிந்தவர்களுக்கு அதில் நல்ல நடைமுறை ஞானமும் தெரியும். பத்து வருஷம் கழித்து, 1931-ல், வட்டமேஜை மாநாட்டுக்காக ராஜ்புதானா கப்பலில் லண்டன் புறப்பட்டார். குளிர்நாடாயிற்றே என்று கூடப் போனவர்கள் பெட்டி பெட்டியாகச் சேர்த்து ஏற்றியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏடன் துறைமுகத்திலேயே பல பெட்டிகளை இறக்கித் திருப்பி அனுப்ப வைத்தார். மார்சேயில் சுங்க அதிகாரியிடம் அவர் ஒப்பித்த பட்டியலில் ஆறு ராட்டை, சிறைச்சாலைத் தட்டுகள், ஒரு கேன் ஆட்டுப்பால், ஆறு கதர்த் துணி, துண்டுகள், அவ்வளவுதான். பக்கிங்ஹாம் அரண்மனையில் ராஜாவைப் பார்க்கப் போனபோதும் அதே உடுப்புதான், மேலே ஒரு சால்வை. நான் இதை அத்தையிடம் விவரமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆறு ராட்டை எதுக்குத்தா?" என்றார். காந்திக்கும் 'எதற்கும் இருக்கட்டும்' வியாதி கொஞ்சம் இருந்திருக்க வேண்டும்.

அவர் பெயரில் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம், எங்கள் ஊரிலிருந்து மதுரை போகும் ரோட்டில் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் சின்னாளப்பட்டி. பிரயாணத்துக்கு என்ன உடுத்துவது என்ற கேள்விக்கு விடை அங்கே தறி ஓடும் தெருக்களில் எப்போதோ கிடைத்துவிட்டது. சுங்குடி.

பருத்திச் சேலையை நகநுனியால் கிள்ளி, நூலால் சுற்றி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி. மதுரைச் சௌராஷ்டிரர்களின் கைவேலை இது. இப்போது சின்னாளப்பட்டியில் மெழுகு அச்சில் வருவதுதான் அதிகம். முடிச்சுச் சுங்குடி புதிதாக இருக்கையில் உள்ளங்கையால் தடவினால் புள்ளி இருக்கும் இடமெல்லாம் லேசாகப் புடைத்து நிற்கும். கஞ்சி போகப் போகத் துணி நம் உடம்புக்குப் பழகும். மடித்தால் ஒரு துண்டு அளவுக்கு அடங்கும். அயர்ன் தேவையில்லை, கசங்கினால் அது டிசைன்.

ரயிலில் இந்த ஐந்தரை மீட்டர் செய்யும் வேலையை எந்தப் பெட்டியும் செய்ததில்லை. பெர்த்தில் விரிப்பு, ஏ.சி.யில் போர்வை, எதிர் சீட்டுக்காரர் முறைத்துப் பார்த்தால் திரை, கைக்குழந்தை அழுதால் இரண்டு பெர்த்துக்கு நடுவே தூளி. பட்டுக் கட்டிப் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் வாளி வரும் திசையெல்லாம் கண் வைத்திருக்க வேண்டும். சுங்குடியில் சாம்பார் விழுந்தால் ஒரு புள்ளி கூடியது என்று நினைத்துக்கொண்டு அப்பளம் கேட்கலாம். ஒரே ஒரு குறை, சாயம். முதல் அலசலில் கல் உப்புப் போட மறந்தால் வீட்டுக்காரரின் பனியன் ரோஸ் கலராகத் திரும்பி வரும். ஷேவிங் செட்டைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ளாதவர்களுக்கு அது தேவைதான்.

தனக்குப் பழகியதை உடுத்தினவர் யாரும் கெட்டுப்போகவில்லை. 1957-ல் எங்கள் ஊரில் நாகசாமி நாயுடு பிரியாணிக் கடை திறந்தபோது அதன் பெயர் ஆனந்த விலாஸ். அவர் எப்போதும் தலையில் கட்டியிருந்த தலைப்பாவைப் பார்த்து ஊர் வைத்த பெயர் தலப்பாகட்டி. இன்றைக்குக் கடல் கடந்து போயிருப்பது எந்தப் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சீசனில் எங்கள் ஊர் வழியாகக் கொடைக்கானல் போகிறவர்களுக்கு மட்டும் யாராலும் புரியவைக்க முடிவதில்லை. ரயிலில் கொடைக்கானல் ரோடு என்று போர்டைப் பார்த்ததும் குடும்பத்தோடு ஸ்வெட்டர் மாட்டி, தாத்தாவுக்குக் குரங்குக் குல்லாவும் போட்டு இறங்குகிறார்கள். அது வெறும் ரோடு. கொடைக்கானல் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால்தான் ஆறு டிகிரி குறையும். ஸ்டேஷன் இருப்பது மே மாத வெயில் காயும் சமவெளியில். தாத்தா குல்லாவுக்குள் அவிந்துகொண்டிருப்பார், கழற்றினால் சளி பிடிக்கும் என்று பாட்டி கையைத் தட்டிவிடுவார்.

ஆகவே கொடைக்கானல் போகும் அன்பர்களே, ஸ்வெட்டரைப் பெட்டியின் மேலாக வையுங்கள், வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் பஸ் நன்றாக ஏறிய பிறகு எடுத்து மாட்டுங்கள். அதுவரை தாத்தாவைப் பனியனோடு விடுங்கள்.